எந்தத் தொழிலில் சேர்ப்பது?

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளிவரும் நாட்களில், நம்மவர் நிறைந்து வாழும் மாதுங்கா, சயான், தாராவி, செம்பூர் வட்டாரங்களில் யாரைச் சந்தித்தாலும் கேள்வி ஒன்றே: “பிள்ளையை எதில் சேர்க்கலாம்?” காய்கறிக் கடையிலும், கோயில் வாசலிலும், மின்சார ரயிலின் நெரிசலிலுங்கூட இக்கேள்வி நம்மைத் தொடர்கிறது. ரயில்வேப் பணிமனை ஒன்றின் அலுவலகத்தில் நாம் குமாஸ்தாவாக இருப்பதாலும், அங்கே பயிற்சிக்கு வரும் அப்ரண்டிஸ்களின் சேர்க்கைத் தாள்கள் நம் மேசையைக் கடந்தே செல்வதாலும், விடை நம்மிடம் இருக்கும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். நாமும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை என்பதை அவர்கள் அறியார்கள். அறிந்தவர்களும் அதைப் பொருட்படுத்துவதில்லை.

சென்ற ஆண்டு ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், நம் சாலின் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அம்மாள் ஒருவர் மாடியேறி வந்தார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து மணமாகி வந்தவர். விடியுமுன் எழுந்து இட்லி அவித்துக் கொடுக்க, கணவர் அதைத் தெருத்தெருவாக விற்றுவர, இரண்டு ஆண்பிள்ளைகளை ஆளாக்கியவர்.

“தம்பி, என் ரெண்டு வளையலையும் அடகு வச்சுத்தான் பெரியவனை டீசல் மெக்கானிக் படிக்க வச்சேன். சர்டிபிகேட் டிரங்குப் பெட்டியிலே பத்திரமா இருக்கு. அவன் மோட்டார் சைக்கிள்லே சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துக்கிட்டு இருக்கான். இப்போ சின்னவன் பாஸ் பண்ணிட்டான். இவனை எதிலே சேர்க்கட்டும்?”

“அக்கா, பெரியவன் படித்த இடத்தில் என்ஜின் இருந்ததா?” என்று கேட்டோம்.

“இருந்துச்சாம். ஓடாதாம்.”

இந்த மறுமொழியை நாம் இன்னும் மறக்கவில்லை. அந்தத் தனியார் நிலையத்தின் பெயர் இங்கே வேண்டா. அதைப் போன்றவை பல உள. ஆனால் ஓடாத என்ஜின் மட்டுமே அப்பிள்ளையின் துன்பத்துக்குக் காரணம் என்று சொல்லிவிடவும் இயலாது. ஓர் ஊரில் எந்தத் தொழிலாளி தேவைப்படுகிறார், அவ்வூர்ப் பயிற்சி நிலையங்களில் எந்தத் தொழில் கற்பிக்கப்படுகிறது என்னும் இரண்டும் ஒன்றையொன்று பாராமலே போய்க்கொண்டிருப்பதுதான் பெரிய காரணம். இதைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நம்மவர் இவ்வூருக்கு வந்த கதையிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்தும், பாலக்காட்டிலிருந்தும், திருநெல்வேலியிலிருந்தும் பம்பாய்க்கு ரயிலேறிய இளைஞர்களிற் பலர் பட்டதாரிகளல்லர். பள்ளியிறுதிப் படிப்பும், தட்டெழுத்தில் ‘லோயர்’, ‘ஹையர்’ என்னும் தேர்ச்சியும், முடிந்தால் சுருக்கெழுத்தும் — இவ்வளவே அவர்கள் கொண்டுவந்த முதல். தமிழ்நாட்டில் சிற்றூர்க் கடைத்தெருவிலுங்கூட மாடியறை ஒன்றில் நாலைந்து யந்திரங்களைப் போட்டுத் தட்டெழுத்துப் பயிற்சிக்கூடம் நடந்தது. மாதச் சம்பளம் சிறிது. அரசாங்கத் தொழில்நுட்பத் தேர்வு பொது. நிமிடத்துக்கு இத்தனை சொல் என்னும் அளவுகோல் எவராலும் ஏமாற்ற முடியாதது. பம்பாயில் கப்பல் கம்பெனிகளும், பஞ்சாலை அலுவலகங்களும், வங்கிகளும், ரயில்வேயும் கேட்டது அதே திறமைதான். யாரும் திட்டம் தீட்டவில்லை. எந்தக் குழுவும் அறிக்கை தரவில்லை. எனினும் ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்த மாடியறையும் கோட்டைப் பகுதியின் அலுவலகமும் கச்சிதமாகப் பொருந்தின. தொழிற்கல்வி என்றால் சம்மட்டியும் அரமுமே என்று எண்ணும் நம்மவர், தங்கள் குடும்பத்தை இவ்வூருக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் ஒரு தொழிற்கல்வியே என்பதை நினைப்பதில்லை.

நம் தந்தையாரும் அவ்வாறு வந்தவரே. ‘ஹையர்’ சான்றிதழை மஞ்சள் துணிப்பைக்குள், அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு 1978-ல் தாதரில் இறங்கினாராம். மூன்றாம் நாள் வேலை கிடைத்தது.

இந்தப் பொருத்தத்தினால் உள்ளூர் மக்கள் சிலர் மனம் புழுங்கியதும் உண்மை. 1966-ல் சிவசேனை தோன்றியபோது, அலுவலக வேலைகளில் தென்னாட்டார் மிகுந்திருப்பதே அதன் முதற் குறைபாடாக இருந்தது. அக்காலத்தின் கசப்பை நம் பெரியவர்கள் நன்கறிவார்கள். அதை மீண்டும் கிளற நாம் விரும்பவில்லை. வேலைச் சந்தை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது கத்தரிக்காய்ச் சந்தையன்று. அங்கே நிற்பவர்கள் மனிதர்கள், அவர்களுக்கு மொழியும் ஊரும் உண்டு என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டோம்.

பிறகு அந்தப் பொருத்தம் கலைந்தது. கோத்ரெஜ் கம்பெனி பம்பாயில் 1955-ல் இந்தியத் தட்டெழுத்து யந்திரத்தைச் செய்து வெளியிட்டபோது நாடே பெருமை கொண்டது. அதே கம்பெனி 2009-ல் உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. இருப்பில் எஞ்சிய சில நூறு யந்திரங்களைப் பற்றிய செய்தி 2011-ல் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் அடிபட்டது. ஆயினும் நம் தந்தையார் வேலையை இழக்கவில்லை. அவருடைய அலுவலகத்திற்குக் கம்ப்யூட்டர் வந்த நாளில் முதலில் அதன்முன் உட்காரவைக்கப்பட்டவர் அவர்தாம். எழுத்துப் பலகை பழைய வரிசையிலேயே இருந்தது. விரல்களுக்கு வழி தெரிந்திருந்தது. யந்திரம் மாண்டாலும் கைப்பழக்கத்தில் ஒரு பகுதி பிழைத்திருக்கும். எந்தத் தொழிலில் அப்பகுதி பெரிது, எதில் சிறிது என்பதே பெற்றோர் பார்க்கவேண்டியது.

எல்லாருக்கும் அந்த நற்பேறு வாய்க்கவில்லை. மாதுங்காவில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்பக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம். இப்போது அதன் பெயர் வீரமாதா ஜீஜாபாய் என்று வழங்குகிறது. 1887-ல் பைகுல்லாவில் அது தொடங்கப்பட்டதன் நோக்கமே பஞ்சாலைகளுக்கு ஆள் தயாரிப்பதுதான். நூற்பு, நெசவு, யந்திரவியல் இவை அங்கே கற்பிக்கப்பட்டன. சுற்றிலும் ஆலைகளின் புகைபோக்கிகள் நின்றன. கல்வியும் ஊர்த்தேவையும் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த இதைப் போன்ற வேறோர் இடம் அன்றைய இந்தியாவில் அரிது. 1923-ல் நிலையம் மாதுங்காவுக்கு வந்தது, காலத்துக்கேற்ப மின்சாரத்தையும் பிற துறைகளையும் சேர்த்துக்கொண்டது, ஆகவே பிழைத்தது. ஆனால் ஆலைத் தறியில் நேரடியாகத் தொழில் பழகியவர்கள் என்ன ஆனார்கள்? 1982 ஜனவரி 18-ஆம் தேதி டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வெளியே வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் திரும்ப உள்ளே போகவில்லை. பீனிக்ஸ் ஆலை நின்ற இடத்தில் இன்று பெரிய வாணிபக்கூடம் நிற்கிறது. இருபது ஆண்டுகள் தறி ஓட்டியவர் அவ்வாணிபக்கூடத்தில் என்ன வேலை கேட்பார்? காவற்காரர் வேலைதான். ஆகவே, கல்வி ஊர்த்தேவையோடு பொருந்தவேண்டும் என்று சொல்பவர்களோடு நாமும் சேர்ந்து சொல்லும்போது, ஒரே தேவையோடு இறுகப் பிணைந்த கல்வி அத்தேவை போனால் உடன்கட்டை ஏறிவிடும் என்பதையும் மனத்தில் வைத்தே சொல்கிறோம்.

நம் சொந்தத் துறையிலும் இதைக் கண்டிருக்கிறோம். சித்தரஞ்சன் ரயில் என்ஜின் தொழிற்சாலை 1950-ல் நீராவி என்ஜின்களைச் செய்யத் தொடங்கியது. கொதிகலன் வேலை தெரிந்தவருக்கு அன்று இருந்த மதிப்பு பெரிது. 1972-ல் அங்கே கடைசி நீராவி என்ஜின் வெளிவந்தது. வாரணாசியில் 1964-ல் டீசல் என்ஜின்கள் வெளிவரத் தொடங்கின. அடுத்த தலைமுறைக்கு டீசல் மெக்கானிக் என்பதே ரயில்வே வேலையின் வாசற்படியாயிற்று. இன்றோ அகலப் பாதை ஏறக்குறைய முழுவதும் மின்மயமாகிவிட்டது. வாரணாசித் தொழிற்சாலையும் மின்சார என்ஜின்களைச் செய்கிறது. 2020-ல் அதன் பெயரிலிருந்தே ‘டீசல்’ நீங்கிவிட்டது. மும்பையில் 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி ஓடத்தொடங்கிய மின்சார ரயிலுங்கூட, நேர்மின்னோட்டத்தைக் கைவிட்டு 2016-க்குள் மாறுமின்னோட்டத்துக்கு மாறிக்கொண்டது. அம்மாளின் மூத்த மகன் டீசல் என்ஜினைத் தேர்ந்தெடுத்தது, தன் மாமா ஒருவர் டீசல் ஷெட்டில் வேலை பார்த்ததைக் கண்டு. மாமா வேலையில் சேர்ந்த ஆண்டில் அது நல்ல அறிவுரைதான். மருமகன் படித்து முடித்த ஆண்டில்தான் அது பழையதாகிவிட்டது.

இனி, அரசாங்க ஏற்பாட்டைக் காண்போம். போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு வேலை தேடித்தர 1945-ல் மத்திய சர்க்கார் ஒரு தலைமை இலாகாவை ஏற்படுத்தியது. அதன் வழியே 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. இன்று ஐ.டி.ஐ. என்று நாம் வழங்கும் தொழிற்பயிற்சி நிலையங்கள் எல்லாம் அத்திட்டத்தின் கிளைகளே. 1956-ல் அவற்றின் நிர்வாகம் மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது; ஆனால் தொழிற்பிரிவுகளின் பாடத்திட்டமும் தேர்வும் நாடு முழுவதற்கும் ஒன்றே. இந்த ஏற்பாட்டில் ஒரு பெருநன்மை உண்டு: மும்பையில் பெற்ற சான்றிதழ் சென்னையிலும் செல்லும். புலம்பெயர்ந்து வாழும் நம் போன்றவர்க்கு இது சிறிதன்று. அதே ஏற்பாட்டில் ஒரு சங்கடமும் உண்டு. பிலாயில் எஃகாலைக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையமும், கொங்கணத்தில் மீன்பிடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையமும் அதே பிட்டரையும் அதே எலக்ட்ரீஷியனையும் தயாரிக்கின்றன. நாட்டில் ஏறத்தாழ 15,000 நிலையங்கள் இருக்கின்றன. அவற்றில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தனியாருடையவை. பிட்டரும் எலக்ட்ரீஷியனுமே பெற்றோர் அறிந்த பெயர்கள். அறிந்த பெயருக்கே கூட்டம் வரும். ஆகவே தனியார் அவற்றையே திறக்கிறார்கள். ஊரில் எதற்கு ஆள் வேண்டும் என்று கேட்டுத் திறப்பவர் சிலரே.

சர்க்கார் இதை அறியாமலில்லை. 2007-ல் 1,396 அரசு நிலையங்களுக்குத் தலா இரண்டரைக் கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழிலதிபரைத் தலைவராகக் கொண்ட நிர்வாகக் குழுவை அமைக்க ஏற்பாடாயிற்று. கருத்து நல்லது. ஆனால் குழு என்பது கூடினால்தானே குழு? தம் ஆலைக்கு நாளை எத்தனை ஆள் வேண்டும் என்பதையே அறுதியிட்டுச் சொல்லத் தயங்கும் முதலாளி, பிறர் பிள்ளைகளின் பாடத்திட்டத்துக்கு அரைநாள் ஒதுக்குவாரா என்பது நம் ஐயம். 2025 மே மாதத்தில், 1,000 அரசு நிலையங்களைச் சீரமைக்க 60,000 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. இதில் 10,000 கோடி தொழில் நிறுவனங்களின் பங்கு. பணம் போட்டவர் வந்து பார்ப்பார் என்பது எதிர்பார்ப்பு, பார்க்கட்டும்.

தேவையையும் பயிற்சியையும் நேரடியாக இணைக்கும் பாலம் ஒன்று முன்பே இருக்கிறது. அதுவே 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம். தொழிற்சாலையே பயிற்சி தரவேண்டும். அப்ரண்டிஸுக்கு உதவித்தொகையும் தரவேண்டும். 2019-ல் திருத்தப்பட்ட விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆட்தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை அப்ரண்டிஸ்களை எடுக்கக் கடமைப்பட்டது, ஐ.டி.ஐ. சான்று பெற்றவருக்கு மாதம் 7,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்றும் அதே விதி சொல்லிற்று. ஓடும் என்ஜினைப் பார்க்காத பிள்ளைக்கு ஓடும் என்ஜினைக் காட்டக்கூடிய இடம் இதுதான்.

ஆனால் இச்சட்டத்தின் 22-ஆம் பிரிவைப் பெற்றோர் ஒருவரும் படிப்பதில்லை. பயிற்சி முடிந்தபின் வேலை கொடுக்க நிறுவனம் கட்டுப்பட்டதன்று என்பது அதன் பொருள். நம் மேசைக்கு வரும் தந்தையர், “ரயில்வேயில் சேர்ந்துவிட்டான்” என்று இனிப்புப் பொட்டலத்தோடு வரும்போது இதை எடுத்துச் சொல்ல நா எழுவதில்லை. ஓராண்டு கழித்து அதே பிள்ளை சான்றிதழோடு வெளியே நிற்கிறான். 2018 மார்ச் 20-ஆம் தேதி காலையில் மாதுங்காவுக்கும் தாதருக்கும் இடையே நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தண்டவாளத்தில் அமர்ந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் மத்திய ரயில்வேயின் புறநகர் வண்டிகள் நின்றன. நம்மவரிற் பலர் அன்று தண்டவாளத்தோரமாக நடந்தே அலுவலகம் சென்றனர். அமர்ந்திருந்தவர்கள் ரயில்வேயிலேயே அப்ரண்டிஸ் பயிற்சி முடித்தவர்கள். கடைநிலைப் பதவிகளில் நூற்றுக்கு இருபது மட்டும் தங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததை நீக்கி, எல்லாரையும் நேரடியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதே ஆண்டு ஏறத்தாழ 90,000 இடங்களுக்கு ரயில்வே ஆள் கோரியபோது, விண்ணப்பித்தவர்கள் இரண்டு கோடிக்கு மேல். அவ்விளைஞர்கள் பொறுப்பற்றவர்கள் என்று அன்று வண்டியில் சிக்கிய ஒருவர் நம்மிடம் சினந்தார். பயிற்சியளித்த இடமே தமக்குரிய இடம் என்று ஒரு பிள்ளை நம்புவது இயல்பு. அந்நம்பிக்கையை முதல் நாளிலேயே யாராவது திருத்தியிருக்க வேண்டும். திருத்தாதவர்களில் நம்மைப் போன்ற குமாஸ்தாக்களும் அடக்கம். அதற்குப் பிறகு சேர்க்கைத் தாளில் கையெழுத்து வாங்குமுன் அந்த 22-ஆம் பிரிவை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறோம். சில தந்தையர் முகம் வாடுகிறது. என்செய்வது!

2021-ல் தொடங்கிய ரயில் கௌசல் திட்டத்தையும் இங்கே சொல்லிவிடலாம். எலக்ட்ரீஷியன், வெல்டர், மெஷினிஸ்ட், பிட்டர் என்னும் பிரிவுகளில் பத்தாம் வகுப்புத் தேறிய இளைஞர்க்கு ரயில்வேப் பயிற்சிக் கூடங்களிலேயே சில வாரப் பயிற்சி இலவசமாகக் கிடைத்தது. இதுவும் ரயில்வே வேலைக்கு உரிமை தரவில்லை. ஆனால் கையில் கருவி பிடித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை.

வேலை கிடைக்காத அச்சம் ஒருபுறமிருக்க, நம்மவர் தொழிற்கல்வியை வெறுப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை மூடிவைப்பதில் பயனில்லை. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக்கல்வித் திட்டத்தில், பிள்ளைகள் பள்ளியில் பாதி நேரமும், வீட்டில் பெற்றோரின் தொழிலில் பாதி நேரமும் பயிலவேண்டும் என்றிருந்தது. ‘குலக்கல்வி’ என்று நாடு அதற்குப் பெயர் வைத்தது. 1954-ல் காமராஜர் அமைச்சரவை அதைக் கைவிட்டது. எழுபது ஆண்டுகள் கடந்தும், தாராவியில் குடியிருக்கும் தோல் தொழிலாளி ஒருவர் நம்மிடம் சொன்னது இது: “என் மகன் கையிலே கறை படக்கூடாதுங்க.” அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் வேறு வழியின்றிச் செய்த தொழில் அது. அவரிடம் போய்க் கைத்தொழிலின் பெருமையைப் பேச நமக்குத் துணிவில்லை. பிறப்பினால் தலையில் கட்டப்பட்ட தொழில் வேறு, பிள்ளை தானே தேர்ந்தெடுக்கும் தொழில் வேறு என்று மட்டும் சொன்னோம். அவர் தலையசைத்தார், மகனை வணிகக் கல்லூரியில் சேர்த்தார். அது அவர் உரிமை.

ஆயினும் 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை எடுத்துக்காட்டும் கணக்கைப் பாருங்கள். 19 வயது முதல் 24 வயது வரையுள்ள இந்தியத் தொழிலாளரில் முறையான தொழிற்கல்வி பெற்றோர் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு; ஜெர்மனியில் 75; தென்கொரியாவில் 96. 1986-ஆம் ஆண்டின் கொள்கை, மேல்நிலை மாணவரில் கால்பங்கினரை 1995-க்குள் தொழிற்கல்விக்குத் திருப்புவதாகக் கூறியிருந்தது. அந்த ஆண்டு வந்தது, போனது. மற்றவர்கள் கை வேலையை எங்ஙனமோ கற்றுக்கொள்கிறார்கள் — பெரும்பாலும் கடைவாசலில், திட்டும் குட்டும் வாங்கிக்கொண்டு, எந்தச் சான்றும் இல்லாமல்.

நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி உண்டு. கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. அறநிலையத்தார் 1926-ல் தொடங்கிய தொழிற்கூடம், பயிற்சிச் சாலையாகவும் உற்பத்திச் சாலையாகவும் ஒருங்கே நடந்தது. பக்கத்துக் கிராமங்களில் கிணறு இருந்தது. கிணற்றுக்குப் பம்பு வேண்டியிருந்தது. பம்பு செய்யப் பழகிய கைகள் அந்நகரெங்கும் பட்டறைகளைத் திறந்தன. அதே ஊரில் ஜி. டி. நாயுடு, 1945-ல் தொழிற்கல்லூரி ஒன்று ஏற்படக் காரணமாக இருந்து, நான்காண்டுப் படிப்பை இரண்டாண்டில் முடிக்கலாம் என்று வாதாடி, அன்றைய சர்க்கார் இணங்காததால் பதவியைத் துறந்தார். அவர் சொன்னது முற்றும் சரியா என்பது வேறு. ஆனால் பட்டறையில் என்ன நடக்கிறது என்பதை அறிந்த ஒருவர் கல்விக் கூடத்துக்குள் நின்று வாதாடினார் என்பது நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

சரி, இவ்வூரில் யார் தேவை? பத்திரிகைகளில் வரும் பெரும் பெரும் கணக்குகளை விட, கண்ணால் பார்ப்பதே பெற்றோருக்கு எளிது. 2014-ல் முதல் மெட்ரோ ஓடியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வழிகள் திறக்கப்படுகின்றன. ஒவ்வொரு நிலையத்திலும் மின்படிகளும் மின்தூக்கிகளும் இருக்கின்றன. 2017 டிசம்பர் 25-ஆம் தேதி முதல் குளிர்சாதன மின்சார ரயில் ஓடியது. ஐம்பது மாடிக் கட்டடங்களில் தண்ணீர் மேலேறவும், மனிதர் மேலேறவும், தீயணைக்கவும் யந்திரங்கள் வேண்டும். மின்தூக்கி மெக்கானிக் என்னும் தொழிற்பிரிவு ஐ.டி.ஐ.யில் உண்டு என்பதை நாம் சந்தித்த பெற்றோரில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை. பெண்பிள்ளைகளைத் தையலிலும் கம்ப்யூட்டரிலும் மட்டும் சேர்க்கும் வழக்கமும் அறியாமையால்தான். நம் பணிமனையில் இப்போது அப்ரண்டிஸ் பெண்கள் கடைசல் யந்திரத்தின் முன் நிற்கிறார்கள். அவர்கள் அளவு பார்ப்பதில் காட்டும் பொறுமையை மேஸ்திரிகள் வெளிப்படையாகவே மெச்சுகிறார்கள்.

நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒருநாள் வேலைக்கு விடுப்பெடுத்தாவது பெற்றோர் நேரில் போகவேண்டும். விளம்பரப் பலகையைப் பார்ப்பதற்காக அன்று. யந்திரக்கூடத்தின் பூட்டைப் பார்ப்பதற்காக. பூட்டில் துரு இருந்தால் திரும்பிவிடலாம். கூடத்தில் எண்ணெய்க் கறையும் இரும்புத் தூளும் இல்லையென்றால் அங்கே பாடம் கரும்பலகையில் நடக்கிறது என்று பொருள். சென்ற ஆண்டு முடித்த மாணவர் மூவரின் பெயரைக் கேட்டு, அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். நிலையத்தார் மழுப்பினால் அதுவே விடை. மத்திய இயக்ககத்தின் அங்கீகாரம் அந்நிலையத்துக்கு மட்டுமன்றி, பிள்ளை சேரும் அந்தத் தொழிற்பிரிவுக்கும் உண்டா என்று பார்க்கத் தவறக்கூடாது. அரசு நிலையங்களில் கட்டணம் மிகக் குறைவு. மதிப்பெண் வரிசைப்படி மாநில முழுவதுக்கும் ஒரே சேர்க்கை நடக்கிறது. இருப்பிடச் சான்று, சாதிச் சான்று முதலிய தாள்களைத் தேர்வு முடிவுக்குப் பின் தேட ஆரம்பித்து இடத்தை இழந்த நம்மவர் பலர். மராத்தியைப் பற்றியும் ஒரு சொல். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை, பட்டறையில் மேஸ்திரி சொல்வது விளங்காமல் முதல் ஆறு மாதம் விழிக்கிறான். தாய்மொழியை வீட்டில் பேணுவோம். மேஸ்திரியின் மொழியையும் கற்பிப்போம்.

அம்மாளின் இளைய மகன் கதைக்கு வருவோம். அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழ்ப் பரேலுக்கு அழைத்துச் சென்றோம். பழைய ஆலை நிலத்தில் எழுந்த கட்டடம் ஒன்றின் எதிரே நிறுத்தி, சுவரில் தொங்கும் குளிர்சாதனப் பெட்டிகளை எண்ணச் சொன்னோம். நூற்று நாற்பது வரை எண்ணிவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்றான். “இவற்றில் பத்தில் ஒன்று இம்மாதம் பழுதாகும், யார் வருவார்?” என்று கேட்டோம். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அரசு நிலையத்துக்கான விண்ணப்பத்தில் குளிர்சாதன மெக்கானிக் என்பதை முதல் விருப்பமாகத் தானே எழுதினான். இரண்டாண்டுப் படிப்பு, ஓராண்டு கழிந்திருக்கிறது. அங்கே யந்திரங்கள் ஓடுகின்றன. ஒன்றில் தவறாகக் கைவைத்துத் திட்டும் வாங்கியிருக்கிறான்.

அன்று நாங்கள் திரும்புகையில் அக்கட்டடத்தின் பின்புறம் பெரிய இரைச்சல் கேட்டது. மின்சாரம் நின்றால் ஓடும் ஜெனரேட்டரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அது டீசல் என்ஜின். இதை மூத்தவனிடம் சொன்னோம். ரயில் என்ஜினைத் தவிர வேறு டீசல் என்ஜின் இருப்பதாகவே அவனுக்கு யாரும் சொன்னதில்லை போலும். நமக்குத் தெரிந்தவர் வழியாக ஜெனரேட்டர் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் அவன் உதவியாளாகச் சேர்ந்து ஏழு மாதமாகிறது. படிப்பில் காணாததையெல்லாம் அங்கே காண்கிறான். சம்பளம்தான் குறைவு. அம்மாள் ஒரு வளையலை மீட்டுவிட்டார். மற்றொன்றுக்கு வட்டி கட்டி வருகிறார்.

“பொட்டலம் கொண்டுபோனா இதைவிட மாசம் நாலாயிரம் கூட வரும் தம்பி” என்று மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் அவர் நமக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.